ரோமில் புனித செசிலியாவைத் தேடி ஓர் அரைநாள் சுற்றுலா: ஐந்துக்கு மூன்று

பங்கு ஆலயத்தில் பாடகர் குழுவில் இருப்பவர்கள் ரோமுக்குப் போனால், பாடகர்களின் பாதுகாவலரான புனித செசிலியாவைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் அங்கே சிலர் செசிலியாவின் வரலாற்றை மட்டும் வைத்து அரைநாள் சுற்றுலா நடத்துகிறார்கள். நானும் என் தங்கையும் அப்படி ஒன்றில் போய்வந்தோம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அந்த மூன்றும் கைடு அம்மாவுக்கு. வெட்டிய இரண்டும் அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு. பெயர் சொல்லவில்லை. இதே மாதிரி விளம்பரத்தைப் பல இடங்களில் பார்த்தேன், அதனால் யாரிடம் பதிவு செய்தாலும் கீழே சொல்வதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு 75 யூரோ. வேன், சான் கலிஸ்தோ சுரங்கக் கல்லறைக்கு டிக்கெட், ஆங்கிலம் பேசும் கைடு, அப்புறம் திராஸ்தேவெரே பகுதியில் இருக்கும் செசிலியா பேராலயம், எல்லாம் அதில் அடக்கம். மதியம் 2 மணிக்குக் கிளம்பி மாலையில் முடியும். சின்னக் குழுதான் என்று சொன்னார்கள், சின்னக் குழுவாகவே இருந்தது. வேனில் ஏசி வேலை செய்தது. நேரத்துக்கு வந்தார்கள். அதுவரை குறையில்லை.

கைடு ரோமிலேயே பிறந்து வளர்ந்தவராம். கதை சொல்லத் தெரிந்தவர். கல்லறை இருக்கும் ஆப்பியன் சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் செசிலியாவின் வாழ்க்கையை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். நமக்குத் தெரிந்த கதைதானே என்று சன்னலோரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தங்கையே பாதியில் திரும்பி உட்கார்ந்தாள்.

செசிலியா ரோமின் உயர்குடிப் பெண். கடவுளுக்கென்று தன் கன்னிமையை நேர்ந்துகொண்டவர். வீட்டார் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வலேரியன் என்ற இளைஞருக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாண வீட்டில் வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருக்க, மணப்பெண் மனசுக்குள் ஆண்டவருக்கு மட்டும் பாடிக்கொண்டிருந்தார். அன்றிரவு கணவரிடம், “என்னை ஒரு வானதூதர் காக்கிறார், என்னைத் தொட்டால் அவர் சும்மா இருக்க மாட்டார்” என்று சொல்லிவிட்டார். அந்தத் தூதரை எனக்கும் காட்டு என்றார் வலேரியன். நியாயமான கேள்வி. ஆப்பியன் சாலையில் மூன்றாவது மைல்கல்லுக்குப் போ, அங்கே உர்பான் என்ற பெரியவரிடம் கிறிஸ்தவராகத் திருமுழுக்குப் பெற்று வா, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார் செசிலியா. அவரும் போனார், பெற்றார், திரும்பி வந்தபோது மனைவியின் பக்கத்தில் தூதர் நின்றார். கையில் ரோஜாவும் லீலியும் தொடுத்த இரண்டு மலர்முடிகள், ஆளுக்கு ஒன்று.

கைடு இந்த இடத்தில் வலேரியனின் தம்பியைக் கொண்டுவந்தார். திபூர்சியுஸ் வீட்டுக்குள் நுழைந்ததும் இந்தப் பருவத்தில் எங்கிருந்து பூவாசம் வருகிறது என்று கேட்கிறார். பூ அவர் கண்ணுக்குத் தெரியாது, மணம் மட்டும் வரும். இந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அண்ணனுக்குக் காட்சி, தம்பிக்கு வாசனை. ஆளுக்கொரு வழியில் விசுவாசம் வருகிறது. சகோதரர்கள் இருவரும் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சிகளின் உடல்களை எடுத்து அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். அது ஆட்சியாளர் அல்மாக்கியுஸ் காதுக்குப் போனது. இருவர் தலையும் போனது. அவர்களைக் காவல் காத்த அதிகாரி மாக்சிமுஸும் மனம் மாறி உயிர்விட்டார்.

அப்புறம் செசிலியாவின் முறை. வீட்டிலேயே இருந்த வெந்நீர்க் குளியலறையில் அடைத்து, அடியில் விடிய விடியத் தீ மூட்டினார்கள். அவருக்கு வியர்க்கக்கூட இல்லையாம். பிறகு வெட்ட ஆள் அனுப்பினார்கள். மூன்று வெட்டு விழுந்தும் தலை துண்டாகவில்லை. நான்காவது முறை வாளை ஓங்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால் அவன் அப்படியே விட்டுவிட்டுப் போனான். மூன்று நாள் உயிரோடு கிடந்தார். சொத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார், வீட்டை ஆலயமாக்கும்படி கேட்டுக்கொண்டார், கண்ணை மூடினார்.

கைடுக்கு நான் நட்சத்திரம் தருவது கதைக்காக மட்டும் இல்லை. முடித்த கையோடு, “இதில் எவ்வளவு வரலாறு என்று கேட்பீர்கள், சொல்கிறேன்” என்று அவரே ஆரம்பித்தார். இந்தக் கதை எழுத்தில் வந்தது ஐந்தாம் நூற்றாண்டில். 354ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிற ரோம் மறைசாட்சிகளின் பட்டியலில் செசிலியா பெயர் இல்லை. கதையில் வரும் உர்பான் திருத்தந்தை (போப்) முதலாம் உர்பான் என்றால் அவர் காலம் 222 முதல் 230 வரை. அப்போது ரோமை ஆண்ட பேரரசர் அலெக்சாண்டர் செவேருஸ், கிறிஸ்தவர்களைத் தேடிப்பிடித்துக் கொன்றவர் என்று பெயரெடுத்தவர் அல்ல. இப்படிக் கணக்கு இடிக்கிறது. ஆனாலும் திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் அவர் பெயர் பழங்காலம் தொட்டு இருக்கிறது, ஆப்பியன் சாலையில் கல்லறை இருக்கிறது, திராஸ்தேவெரேயில் அவர் பெயரில் ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஆலயம் இருந்திருக்கிறது. 1969இல் புனிதர்களின் நாட்காட்டியைத் திருத்தியபோது வரலாற்று ஆதாரம் போதாத பலரை எடுத்தார்கள், இவரை எடுக்கவில்லை. மக்களின் பக்தி அவ்வளவு. நவம்பர் 22 இன்றும் அவருடைய நினைவுநாள்தான்.

வேனில் இருந்த இன்னொரு பெண்மணி முகம் சுளித்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. புனிதரைக் குறைத்துப் பேசவில்லை, எங்களையும் குழந்தைகளாக நடத்தவில்லை.

சான் கலிஸ்தோவைப் பற்றி. உள்ளே கல்லறையின் சொந்த வழிகாட்டிதான் கூட்டிப்போவார், வெளியிலிருந்து வரும் கைடுக்கு அங்கே வேலையில்லை. சலேசியத் துறவற சபையினர் நிர்வகிக்கும் இடம். மொழிவாரியாகக் குழு பிரித்து அனுப்புகிறார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் மேலே வந்துவிடுவீர்கள். சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் 20 கிலோமீட்டர், நான்கு அடுக்கு, அடக்கம் செய்யப்பட்டவர்கள் ஐந்து லட்சம் பேர் இருக்கலாம் என்கிறார்கள். நாம் பார்ப்பது அதில் ஒரு மூலை. வெளியே வெயில் கொளுத்தினாலும் கீழே சிலுசிலுவென்று இருக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க விடமாட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் படிக்கட்டை மனதில் வைத்துக்கொள்ளவும்.

சுவரில் அடுக்கடுக்காக வெட்டிய குழிகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் நீளம், சில ஒரு முழ நீளம்தான். குழந்தைகள். வழிகாட்டிகள் அந்தச் சின்னக் குழிகளை நின்று காட்டுவதில்லை, நடந்துகொண்டே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

திருத்தந்தையர் அறையில் கொஞ்சம் நின்றோம். மூன்றாம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் ஒன்பது பேரை வைத்திருந்த இடம். கிரேக்க எழுத்தில் பெயர் பொறித்த பலகைகள் சில கிடைத்திருக்கின்றன: பொந்தியானுஸ், அந்தேருஸ், ஃபாபியானுஸ். இதையெல்லாம் கண்டுபிடித்தவர் ஜொவான்னி பத்திஸ்தா தே ரோஸ்ஸி. 1849இல் அந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் உடைந்த சலவைக்கல் துண்டு ஒன்றைப் பார்த்தார், அதில் ‘நேலியுஸ் மறைசாட்சி’ என்று பாதிப் பெயர். கொர்னேலியுஸ் திருத்தந்தையின் கல்லறைப் பலகையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்துத் தோண்ட வைத்தார். மீதிப் பாதியும் கிடைத்தது. 1854இல் திருத்தந்தையர் அறை, அதை ஒட்டியே செசிலியா அறை.

செசிலியா அறைக்குத் திருத்தந்தையர் அறையிலிருந்து ஒரு சின்ன வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு சாதாரணப் பெண்ணைத் திருத்தந்தையருக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்திருக்க மாட்டார்கள், இதுவே பெரிய சாட்சி என்று அங்கிருந்த வழிகாட்டி சொன்னார். சுவரில் கைகளை விரித்து மன்றாடும் செசிலியாவின் ஓவியம், கீழே மாடத்தில் இயேசுவின் முகம், பக்கத்தில் உர்பான். ஓவியங்கள் பிற்காலத்தவை. உடல் இருந்த குழியில் இப்போது ஒரு வெள்ளைச் சிலை படுத்திருக்கிறது.

என் முதல் குறை இங்கேதான். அந்தச் சிலை நகல். அசல் திராஸ்தேவெரேயில் இருக்கிறது. பயணத்தை இந்த வரிசையில் அமைத்தவர்களுக்கு வேன் போகும் வழி சௌகரியமாக இருந்திருக்கலாம், பார்க்கிறவருக்குச் சௌகரியமாக இல்லை. மங்கலான வெளிச்சத்தில், பின்னால் அடுத்த மொழிக் குழு காத்திருக்க, நகலை முதலில் பார்த்துவிட்டால் அசலின் முன் நிற்கும்போது ‘ஓ, இது பார்த்ததுதானே’ என்று மனம் சொல்லிவிடுகிறது. எங்கள் குழுவில் ஒருவர் பிற்பாடு ஆலயத்துக்குள் வராமல் வெளியே காப்பி குடிக்கப் போய்விட்டார். ஆலயத்தை முதலில் பாருங்கள். கல்லறை அப்புறம்.

திராஸ்தேவெரேயில் செசிலியா பேராலயம் இருப்பது உணவகங்களும் கூட்டமும் இல்லாத பக்கம். நுழைவாயிலைத் தாண்டினால் தோட்டத்தோடு ஒரு முற்றம், நடுவில் பழைய ரோமானியக் கற்சாடி, அதில் தண்ணீர். முகப்பு 18ஆம் நூற்றாண்டு வேலை, மணிக்கூண்டு அதைவிட ரொம்பப் பழையது. உள்ளே போனதும் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். பழைய தூண்களை 19ஆம் நூற்றாண்டில் கனத்த சதுரத் தூண்களுக்குள் மூடிவிட்டார்கள், எல்லாம் வெள்ளையும் வெளிர்நிறமுமாக, ஏதோ புது மண்டபம் மாதிரி தெரியும். நேராகப் பீடத்துக்கு நடங்கள்.

பீடத்துக்கு மேல் அர்னோல்ஃபோ தி காம்பியோ 1293இல் செய்த கல் விதானம். அதன் கீழே, கறுப்புச் சலவைக்கல் மாடத்துக்குள், செசிலியா படுத்திருக்கிறார்.

ஸ்தேஃபனோ மதெர்னோ 1600இல் செதுக்கியது. அப்போது அவருக்கு வயது இருபதுகளில்தான். வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்த உடல், மடங்கிய முழங்கால்கள், முன்னால் நீண்டு விழுந்த கைகள். முகம் தெரியாது. தலையைத் துணி சுற்றியிருக்கிறது, முகம் தரையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. நமக்குத் தெரிவது கழுத்துதான். அந்தக் கழுத்தில் மெல்லிய வெட்டுக்கோடு. ரத்தமில்லை, சதை பிளக்கவில்லை, உளியால் ஒரு கீறல், அவ்வளவுதான். வலக்கையில் மூன்று விரல் நீட்டியிருக்கிறார், இடக்கையில் ஒன்று. மூவொரு கடவுள் என்பதைப் பேச முடியாத நிலையில் விரலால் அறிக்கையிட்டார் என்று விளக்குகிறார்கள்.

தங்கை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள், “அக்கா, இவங்க கையில ஒரு வாத்தியமும் இல்லையே?”

“கதையிலயும் இல்லையேடி. வாசிச்சது கல்யாண வீட்டுக்காரங்க.”

“அப்ப நம்ம குழு படத்துல ஆர்கன் வாசிக்கிறது யாரு?”

கைடு எங்கள் முகத்தைப் பார்த்து என்ன பேசுகிறோம் என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னதும் சிரித்துவிட்டார். இசைக்கலைஞர்கள் எல்லாரும் இதே கேள்வியோடுதான் வருகிறார்களாம். கல்யாணக் காட்சியில் வரும் அந்த ஒற்றை வரி, திருநாள் பாடலில் ஏறி, பாடுகிறவர்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. இடைக்காலத்தின் கடைசியில் ஓவியர்கள் அவர் கையில் ஆர்கனைக் கொடுத்தார்கள், அப்புறம் வயலினும் வந்தது. 1585இல் ரோமின் இசைக்கலைஞர்கள் ஐந்தாம் சிக்ஸ்துஸ் திருத்தந்தையின் ஆணையோடு தங்கள் சங்கத்தைத் தொடங்கியபோது புனித கிரகோரியாரையும் செசிலியாவையும் பாதுகாவலராக வைத்தார்கள். அந்தச் சங்கம்தான் இன்றைக்கு உலகமெங்கும் தெரிந்த சாந்தா செசிலியா இசைக் கழகம். அதற்குப் பதினைந்து வருடம் கழித்துச் செதுக்கிய மதெர்னோவோ வாத்தியம் எதையும் பக்கத்தில் வைக்கவில்லை. வாத்தியச் சத்தத்துக்கு நடுவே வாய் திறக்காமல் பாடிய ஒரு பெண்ணைப் பாடகர் குழுக்கள் பாதுகாவலராக எடுத்துக்கொண்டது, சத்தம் போட்டுப் பாடினால்தான் பாட்டு என்று நினைக்கும் எங்கள் குழு ஆண்கள் வரிசைக்கு நான் ஊர் திரும்பியதும் சொல்லப்போகும் முதல் செய்தி.

சிலை இப்படி இருப்பதற்குக் காரணம் 1599 அக்டோபரில் நடந்தது. கர்தினால் ஸ்ஃபோந்திராத்தி ஆலயத்தைப் புதுப்பித்தபோது பீடத்தின் அடியில் சலவைக்கல் பேழையைத் திறந்தார்கள். உள்ளே சைப்ரஸ் மரப்பெட்டி. அதற்குள் பட்டுத் துணி மூடிய உடல், துணிக்கடியில் தங்க இழை மின்னும் ஆடை. பக்தியால் துணியை விலக்கவில்லை என்று நேரில் பார்த்து எழுதியவர்கள் சொல்கிறார்கள். ரோமே திரண்டு வந்ததாம். நவம்பர் 22 திருநாளன்று எட்டாம் கிளமெந்து திருத்தந்தை முன்னின்று மறுபடி அடக்கம் செய்தார். சிலைக்கு முன்னால் தரையில் ஒரு வட்டப் பலகை பதித்திருக்கிறது. கல்லறையில் அழியாமல் கிடந்த புனித கன்னியை நானே பார்த்தேன், அதே கிடப்பில் இந்தச் சலவைக்கல்லில் வடித்தேன் என்று மதெர்னோவின் வாக்குமூலம் லத்தீனில் இருக்கிறது. பட்டுத் துணியை விலக்கவே இல்லை என்றால் கழுத்து வெட்டை அவர் எப்படிப் பார்த்தார்? கைடு இதையும் கேட்டார், பதில் சொல்லாமல் நகர்ந்தார்.

அதற்கும் முன்னால் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. முதலாம் பாஸ்கால் திருத்தந்தை ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செசிலியாவின் உடலைத் தேடித் தேடிக் கிடைக்காமல், முன்பு ரோமைத் தாக்கிய லொம்பார்தியர்கள் தூக்கிப் போயிருப்பார்கள் என்று கைவிட்டார். ஒருநாள் அதிகாலைச் செபத்தில் கண்ணயர்ந்தபோது செசிலியா கனவில் வந்து, “என்னோடு பேசுகிற அளவுக்குப் பக்கத்தில் வந்தும் விட்டுவிட்டீரே” என்ற பாவனையில் கடிந்துகொண்டாராம். தேடினார், கிடைத்தது, 821 வாக்கில் இங்கே கொண்டுவந்து புது ஆலயம் கட்டினார். பீடத்துக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் அவர் காலத்து மொசைக், அதாவது வண்ணத் துண்டுகள் பதித்த ஓவியம், அப்படியே இருக்கிறது. நடுவில் கிறிஸ்து, இருபுறமும் பேதுரு, பவுல், வலேரியன், அகத்தா. ஓரத்தில் பாஸ்கால், கையில் ஆலயத்தின் சின்ன உருவம். மற்றவர்களுக்கு வட்ட ஒளிவளையம், இவருக்குச் சதுரம், ஏனென்றால் மொசைக் பதிக்கும்போது இவர் உயிரோடு இருந்தார். செசிலியா அவர் தோளில் கை போட்டு, ‘இவர் நம்ம ஆள்’ என்று கிறிஸ்துவிடம் அறிமுகப்படுத்துகிற மாதிரி நிற்கிறார். கனவில் திட்டியவர் இங்கே சிபாரிசு செய்கிறார். இந்த மொசைக்கைப் பார்க்கப் போதிய நேரம் தரவில்லை என்பது என் இரண்டாவது குறை. வேனை நிறுத்த இடமில்லை, ஓட்டுநர் கூப்பிடுகிறார் என்று கைடின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

வலப்பக்க நடைபாதையிலிருந்து போகும் குளியலறைச் சிற்றாலயத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். செசிலியாவை அடைத்த வெந்நீர் அறை என்று மரபு சொல்லும் இடம். சுவரோரம் பழைய ரோமானியக் குழாய்கள் தெரிகின்றன. கதையை நம்புகிறவர், நம்பாதவர் எல்லாருக்கும் அந்தக் குழாய் பார்க்க வேண்டியது. உண்மையான வீடு, உண்மையான வெந்நீர் அறை. அங்கே குயிதோ ரேனி வரைந்த தலைவெட்டுக் காட்சியும் இருக்கிறது.

அடித்தளத்துக்குத் தனியாகச் சில யூரோ கட்டி இறங்க வேண்டும், சுற்றுலாக் காசில் அது சேரவில்லை, முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. கீழே ரோமானிய வீடுகளின் மிச்சம்: செங்கல் சுவர்கள், தரையில் பதித்த வட்டமான தொட்டிகள், மினெர்வா தேவதையின் புடைப்புருவத்தோடு வீட்டு மாடம் ஒன்று. தொட்டிகள் தோல் பதனிட என்று பெரும்பாலும் விளக்குகிறார்கள். உயர்குடி வீட்டுப் பெண்ணின் மாளிகை என்று கேட்டுவிட்டு இதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அதைத் தாண்டினால் 1900 வாக்கில் பைசாந்தியப் பாணியில் மின்னும் மொசைக்கோடு அமைத்த அடிக்கோயில். செசிலியா, வலேரியன், திபூர்சியுஸ், மாக்சிமுஸ் ஆகியோரின் பேழைகள் கம்பிக்கு அந்தப் பக்கம். செபிக்க நினைப்பவர்களுக்கு மேலே பீடத்தைவிட இது நல்ல இடம், ஆள் நடமாட்டம் குறைவு.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். விளம்பரத்தில் மூன்றாவது வரியிலேயே ‘கவல்லீனியின் இறுதித் தீர்ப்பு ஓவியத்தைக் காண்பீர்கள்’ என்று போட்டிருந்தார்கள். நான் அதற்காகத்தான் இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆலயத்தை ஒட்டிய பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்தின் பாடல் மாடத்தில் அது இருக்கிறது, காலையில் சில மணி நேரம்தான் திறப்பார்கள். மதியம் 2 மணிக்குக் கிளம்பும் சுற்றுலாவில் அதை எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது. தெரியாமல் போட்டார்களா, தெரிந்தே போட்டார்களா என்று தெரியவில்லை. இரண்டுமே தப்புதான். கைடு அம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாளைக் காலையில் நீங்களாகவே வாருங்கள், மணியை அடித்தால் அருட்சகோதரி வந்து திறப்பார் என்று சொல்லிக்கொடுத்தார்.

சொன்னபடியே போனோம். மணி அடித்தோம், வயதான அருட்சகோதரி ஒருவர் கதவைத் திறந்து கட்டணம் வாங்கிக்கொண்டு மேலே அனுப்பினார். மாடத்தில் நாங்கள் இருவர் மட்டும்.

பியெத்ரோ கவல்லீனி 1293 வாக்கில் தீட்டியது. பின்னால் வந்தவர்கள் கட்டடத்தை மாற்றியபோது மேற்பகுதி போய்விட்டது. மிச்சமிருந்ததும் கன்னியரின் இருக்கைகளுக்குப் பின்னால் மறைந்து, 1900இல்தான் மறுபடி வெளியே தெரிந்தது. நடுவில் கிறிஸ்து, இருபுறமும் மாதாவும் திருமுழுக்கு யோவானும், வரிசையாகத் திருத்தூதர்கள். ஒவ்வொரு திருத்தூதர் முகமும் ஒரு தனி மனிதருடையது. நம் பங்கிலேயே பார்த்த முகங்கள் என்று தோன்றும். தாடியின் நிழல் கன்னத்தில் விழுவதுகூடத் தெரிகிறது. ஆனால் நான் வாயைப் பிளந்தது தூதர்களின் சிறகுக்கு. ஒவ்வொரு இறகு வரிசையும் ஒவ்வொரு நிறம், வெளிறியதில் தொடங்கி அடர்ந்து போகிறது: இளஞ்சிவப்பு, பச்சை, மண்ணிறம், கருஞ்சிவப்பு. பறக்கிற எந்தப் பறவைக்கும் இப்படிச் சிறகு இல்லை. கீழே எக்காளம் ஊதும் தூதர்கள். தங்கை அவர்களைக் காட்டி, “இதோ, வாத்தியம் வந்துடுச்சு” என்றாள்.

இந்தக் கன்னியர்தான் புதிய பேராயர்கள் தோளில் அணியும் பாலியம் என்ற கம்பளிப் பட்டையை நெய்கிறவர்கள். ஜனவரி 21, புனித ஆக்னஸ் திருநாளன்று ஆசீர்வதிக்கப்படும் ஆட்டுக்குட்டிகளின் கம்பளி அதில் சேர்கிறது. அதை அருட்சகோதரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைதான், அவருக்கு ஆங்கிலம் வரவில்லை, எங்களுக்கு இத்தாலியன் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தோம்.

ஆக, 75 யூரோ தகுமா? கைடு இல்லாவிட்டால் கதையின் ஓட்டை உடைசலோடு சேர்த்து யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அதற்குப் பாதிக் காசு கொடுக்கலாம். மீதியை நீங்களே செய்துகொள்ளலாம். காலையில் பேராலயம்: வெனேசியா சதுக்கத்திலிருந்து 8ஆம் எண் டிராம் திராஸ்தேவெரேக்கு வரும், இறங்கிக் கொஞ்சம் நடை. முதலில் சிலை, அப்புறம் மொசைக், அப்புறம் குளியலறை, அடித்தளம். கவல்லீனிக்கு மணி அடிக்க மறந்துவிடாதீர்கள். சாப்பிட்டுவிட்டு மதியம் 118ஆம் எண் பேருந்தில் சான் கலிஸ்தோ. புதன்கிழமை போகாதீர்கள், கல்லறை மூடியிருக்கும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திப் போங்கள். கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், அடித்தளத்திலும் மாடத்திலும் தனித்தனியாகக் கேட்பார்கள்.

முதியவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு வேன் உதவிதான். அப்படியானால் பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கிளம்புவது காலையிலா, மதியத்திலா? மதியம் என்றால் கவல்லீனி கிடையாது, விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி. பார்க்க முடியாமல் போனதற்கு ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். கைடு அம்மாவைப் பற்றி இரண்டு வரி நல்லதாகவும் அதிலேயே எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.